டூ-ஸ்ட்ரோக் வண்டி இழுக்கவில்லையா? கோளாறு கிளட்ச்சிலா, எஞ்சினிலா என்று பிரித்துப் பார்ப்பது எப்படி

கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இருபதைத் தாண்டியதுமே என் யமஹா ஆர்எக்ஸ் 100 ஏற மறுத்தது. எஞ்சின் நிற்கவில்லை. ஆக்சிலேட்டரைத் திருகத் திருகச் சத்தம் ஏறிக்கொண்டே போனது, வண்டிதான் நகரவில்லை. கீழே இறங்கிக் காட்டிய இடத்தில் "போர் போயிடுச்சு" என்றார்கள், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்சுவர் தேய்ந்துவிட்டது என்று. சிலிண்டரைக் கழற்றி லேத்தில் கொடுத்து, உள்ளே சற்று அகலமாகக் கடைந்து (போர் போட்டு), புதுப் பிஸ்டனும் ரிங்கும் மாற்றினோம். அடுத்த மாதம் அதே மலை, அதே கோளாறு. தேய்ந்திருந்தது கிளட்ச் பிளேட். எஞ்சினைத் தொட்டிருக்கவே வேண்டாம்.

பணம் போனதைவிட எனக்கு வருத்தம் அந்தச் சிலிண்டரை நினைத்துத்தான். ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று சில படிகளில்தான் கிடைக்கும். ஒவ்வொரு முறை போர் போடும்போதும் ஒரு படி தீர்ந்துபோகிறது. எல்லாம் தீர்ந்தால் சிலிண்டருக்குள் புது ஸ்லீவ் (உள்குழாய்) இறக்க வேண்டும். ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன வண்டி. கடைசியாக வெளிவந்ததற்கே ஏறத்தாழ 30 வயது ஆகிறது. அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் கோளாறு எங்கே என்று உறுதியாகத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய டூ-ஸ்ட்ரோக் ஒன்றை முதல்முறையாக வாங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆர்எக்ஸ் 100-ஐ வைத்துச் சொல்கிறேன். மற்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். அளவுகளை மட்டும் உங்கள் வண்டியின் கையேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் தெரிய வேண்டிய ஒரு விஷயம்

ஃபோர்-ஸ்ட்ரோக் பைக்கில் பெரும்பாலும் எஞ்சினுக்கும் கியருக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே ஆயில்தான். டூ-ஸ்ட்ரோக்கில் அப்படி இல்லை. பிஸ்டனுக்கும் கிராங்க்குக்கும் தேவையான எண்ணெய் பெட்ரோலோடு கலந்து உள்ளே போய், அங்கேயே எரிந்து புகையாக வெளியேறிவிடும். அதுதான் டூ-டி ஆயில். கிளட்ச்சும் கியரும் தனி அறையில், தனி ஆயிலில் மூழ்கிக் கிடக்கின்றன.

இந்த இரண்டு அறைகளுக்கும் நடுவே கிராங்க் தண்டு போகிறது. அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது ஒரு சின்ன ரப்பர் ஆயில் சீல் மட்டுமே. ஆர்எக்ஸ் 100-ல் அது வலப்பக்கம், கிளட்ச் இருக்கும் பக்கத்தில் இருக்கிறது. இடப்பக்கம் மேக்னெட்டுக்கு (கிராங்க்கோடு சுற்றி மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்) பின்னால் இன்னொரு சீல் உண்டு. டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறையே ஒரு பம்ப் மாதிரி வேலை செய்கிறது. பிஸ்டன் மேலே போகும்போது காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையை உள்ளே இழுக்கும், கீழே வரும்போது அதை அழுத்திச் சிலிண்டருக்குள் தள்ளும். அதனால் இந்தச் சீல்களில் ஒன்று கிழிந்தாலும் எஞ்சினின் குணமே மாறிவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வருவோம்.

படி 1: எஞ்சினுக்கு வெளியே பாருங்கள்

வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தடங்கல் இல்லாமல் சுற்ற வேண்டும். பிரேக் உரசினாலோ செயின் விறைப்பாக இருந்தாலோ அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். முன்சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். டயரில் காற்று குறைந்திருந்தாலும் வண்டி இழுக்காத மாதிரிதான் தெரியும்.

அடுத்து ஏர் ஃபில்டர். எண்ணெயும் தூசியும் சேர்ந்து களிமண் போல ஆகியிருந்தால் கழுவிக் காயவைத்து, எண்ணெய் தடவிப் பிழிந்து போடுங்கள். ஃபில்டரே இல்லாமல் ஓட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காற்று கூடிக் கலவை மெலிந்துபோகும், உள்ளே போகும் தூசி ரிங்கை அரைத்துவிடும்.

பழைய வண்டி வாங்கினால் விற்பவரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "ஆயில் பம்ப் வேலை செய்கிறதா, இல்லை கழற்றிவிட்டு பெட்ரோலில் கலந்து ஓட்டினீர்களா?" ஆர்எக்ஸ் 100-ல் டூ-டி ஆயிலுக்குத் தனி டேங்க் உண்டு, ஆட்டோலூப் பம்ப் தானாகவே அளந்து அனுப்பும். பல வண்டிகளில் அந்தப் பம்ப்பைத் துண்டித்துவிட்டிருப்பார்கள். அது தெரியாமல் வெறும் பெட்ரோல் ஊற்றி ஓட்டினால் சில கிலோமீட்டரிலேயே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பதில் நம்பும்படி இல்லை என்றால், பம்ப்பை நீங்களே சோதித்துத் தெரிந்துகொள்ளும்வரை லிட்டருக்கு 25 முதல் 30 மில்லி டூ-டி ஆயிலைப் பெட்ரோலில் கலந்து ஓட்டுங்கள். கொஞ்சம் புகை கூடும், அவ்வளவுதான்.

படி 2: சாலையில் ஒரே ஒரு சோதனை

எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு, ஆளில்லாத நேரான சாலையில் டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். இப்போது ஆக்சிலேட்டரை ஒரேயடியாக முழுவதும் திருகுங்கள். காது எஞ்சின் சத்தத்திலும் கண் ஸ்பீடோமீட்டரிலும் இருக்கட்டும்.

சத்தம் சட்டென்று ஏறி, வேகம் ஏறாமல் பின்தங்கினால் கிளட்ச் நழுவுகிறது. எஞ்சின் சக்தி கொடுக்கிறது, ஆனால் அது சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. சத்தமும் ஏறவில்லை, வேகமும் ஏறவில்லை, வண்டி மூச்சு முட்டுவது போலத் திணறுகிறது என்றால் கோளாறு எஞ்சின் பக்கம். கொல்லிமலையில் என் காதில் விழுந்தது முதல் வகை. அன்றைக்கு இந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

தட்டையான சாலையில் தெரியாவிட்டால் பின்னால் ஒருவரை உட்காரவைத்து ஒரு மேம்பாலம் ஏறிப் பாருங்கள். லேசாக நழுவும் கிளட்ச், பாரம் ஏறினால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

படி 3: கிளட்ச்

கிளட்ச் என்றதும் கவரைக் கழற்றிவிட வேண்டாம். கேபிளிலிருந்து தொடங்குங்கள். லிவரைப் பிடிக்கும்போது அதன் அடிப்பகுதியில் 2 முதல் 3 மில்லிமீட்டர் தளர்வாக அசைந்து, பிறகுதான் இறுக வேண்டும். இதைத்தான் ஃப்ரீ பிளே என்கிறார்கள். அந்தத் தளர்வே இல்லையென்றால் நீங்கள் லிவரைத் தொடாதபோதும் கிளட்ச் பாதி பிடித்தபடியே இருக்கும், பிளேட் வழுக்கித் தேயும். தளர்வு அதிகமானால் எதிர்க் கோளாறு: லிவரை முழுதாகப் பிடித்தாலும் கிளட்ச் விடாது. ஹேண்டில்பாரை இடமும் வலமும் கடைசிவரை திருப்பி, தளர்வு மாறுகிறதா என்றும் பாருங்கள். மாறினால் கேபிள் எங்கோ மாட்டி இழுபடுகிறது. சில வண்டிகளில் எஞ்சின் பக்கத்திலும் ஓர் அட்ஜஸ்ட்மென்ட் உண்டு, கேபிளில் மட்டும் திருகித் தீராவிட்டால் அதையும் பாருங்கள்.

இரண்டாவது, ஆயில். இது பலர் தவறவிடும் இடம். கார் எஞ்சினுக்கான ஆயிலை ஊற்றினால், அதில் உராய்வைக் குறைக்கச் சேர்த்திருக்கும் பொருட்களால் நல்ல பிளேட் கூட வழுக்கலாம். ஆயிலில் நனைந்து வேலை செய்யும் பைக் கிளட்ச்சுக்கு ஏற்றது என்று ஜாசோ எம்ஏ முத்திரை போட்ட ஆயிலாகப் பார்த்து வாங்குங்கள். வண்டி வாங்கியதும் முதல் வேலையாகக் கியர் ஆயிலை மாற்றிவிடுவது என் பழக்கம். புது ஆயிலில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, படி 2-ஐ மறுபடி செய்வேன். சில வண்டிகள் அதோடு சரியாகிவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு நழுவினால்தான் கவரைத் திறக்க வேண்டும். ஆயிலை வடித்துவிட்டு, கிக்கரைக் கழற்றி, வலப்பக்கக் கவரை எடுங்கள். ஆயில் பம்ப் அந்தக் கவரோடு சேர்ந்திருந்தால் அதன் குழாய்களையும் கேபிளையும் முதலில் விடுவித்துவிடுங்கள். ஸ்பிரிங் போல்ட்களை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒன்றை மட்டும் முழுதாகக் கழற்றினால் பிரஷர் பிளேட் சாய்ந்து, மற்ற போல்ட்டுகளின் மரை கெடும். பிளேட்கள் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து வெளியே வந்தன என்று போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

கார்க் பிளேட்டை (உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட்) புதுசு ஒன்றோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். தேய்மானம் கண்ணுக்கே தெரியும். வெர்னியர் இருந்தால் அளந்து, கையேட்டில் உள்ள வரம்போடு ஒப்பிடுங்கள். கருகிய வாடை அடித்தாலும், மேற்பரப்பு கண்ணாடி போல மினுங்கினாலும் மாற்றிவிடுங்கள். ஸ்டீல் பிளேட்டில் நீல நிறம் ஓடியிருந்தால் அது அளவுக்கு மீறிச் சூடானது என்று அர்த்தம். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் அதைப் படுக்கவைத்து, ஓரத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா பாருங்கள். 0.1 மில்லிமீட்டர் தகடு நுழைந்துவிட்டால் அந்தப் பிளேட் கோணிப்போய்விட்டது. ஸ்பிரிங்குகளை வரிசையாக நிற்கவைத்தால் எது குட்டையாகிவிட்டது என்று தெரியும். ஒன்று குட்டை என்றாலும் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். புதுக் கார்க் பிளேட்டை ஓர் இரவு முழுக்க கியர் ஆயிலில் ஊறவைத்த பிறகே போட வேண்டும். காய்ந்த பிளேட் முதல் சில நிமிடத்திலேயே கருகிவிடும்.

கிளட்ச் நழுவாமல், ஆனால் விடாமல் இருப்பதும் உண்டு. கிளட்ச்சைப் பிடித்தும் முதல் கியரில் வண்டி முன்னே நகரப் பார்க்கும், சிக்னலில் நியூட்ரல் விழாது, கியர் போடும்போது "டங்" என்று அடிக்கும். கேபிள் சரியாக இருந்தும் இப்படி என்றால் ஸ்டீல் பிளேட் கோணியிருக்கலாம். இல்லையென்றால் கிளட்ச் ஹவுசிங்கின் விரல்களில் பிளேட் இடித்து இடித்துப் பள்ளம் விழுந்திருக்கலாம். பள்ளம் லேசாக இருந்தால் மெல்லிய அரத்தால் சமன்செய்யலாம். ஆழமாக இருந்தால் ஹவுசிங்கையே மாற்ற வேண்டியதுதான். பல மாதம் நிறுத்தி வைத்த வண்டியில் பிளேட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பது தனிக் கதை. அது பெரும்பாலும் எஞ்சினைச் சூடாக்கி, லிவரைப் பிடித்தபடி சற்றுத் தூரம் ஓட்டினால் விட்டுவிடும்.

படி 4: நடுவில் இருக்கும் அந்தச் சீல்

கிளட்ச்சுக்கும் எஞ்சினுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு ஆளைக் குழப்பும் கோளாறு இதுதான். வலப்பக்கச் சீல் கிழிந்தால் கிராங்க் அறை கியர் ஆயிலை உறிஞ்ச ஆரம்பிக்கும். சைலன்சரிலிருந்து கெட்டியான வெண்புகை வரும், சூடான பிறகும் குறையாது. பிளக் அடிக்கடி எண்ணெயில் நனைந்து அணைந்துபோகும். புகையைப் பார்த்துவிட்டு "ரிங் போச்சு" என்று சொல்லி மறுபடி போர் வேலைக்கு இழுத்துவிடுவார்கள்.

சோதிக்கும் முறை எளிது, செலவும் இல்லை. புது கியர் ஆயிலை அளவு ஜாடியில் அளந்து ஊற்றி, எவ்வளவு என்று எழுதிவையுங்கள். 300 கிலோமீட்டர் ஓடிய பிறகு சூடாக இருக்கும்போதே முழுதாக வடித்து, மறுபடி அளந்து பாருங்கள். ஒட்டிக்கொண்டது போக மிகக் கொஞ்சம்தான் குறைய வேண்டும். வெளியே எங்கும் ஒழுகல் இல்லாமல் ஐம்பது, நூறு மில்லி காணாமல் போயிருந்தால் அது எரிந்துதான் போயிருக்கிறது. வடித்த ஆயிலை மோந்தும் பாருங்கள். கிராங்க் அறையில் அழுத்தம் கூடும்போது கலவை அதே கிழிசல் வழியாகக் கியர் பக்கம் தள்ளப்படலாம். ஆயில் நீர்த்து, பெட்ரோல் வாடை அடித்தால் சீல் மேல் சந்தேகம் இன்னும் வலுக்கும். பெட்ரோல் டேப்பை மூடாமல் இரவெல்லாம் நிறுத்தினாலும் இது நேரலாம் என்பதால், முதலில் டேப் ஒழுங்காக அடைக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

இடப்பக்கச் சீல் போனால் அறிகுறி நேர்மாறு. புகை இருக்காது. மேக்னெட் பக்கத்திலிருந்து காற்று உள்ளே வருவதால் கலவை மெலியும். ஆக்சிலேட்டரை விட்டும் எஞ்சின் சத்தம் இறங்காமல் தொங்கிக்கொண்டு நிற்கும், ஐடிலிங் தானாக ஏறும். இது வெண்புகையைவிட ஆபத்தானது, ஏனென்றால் மெலிந்த கலவை பிஸ்டனைச் சூடாக்கிப் பிடிக்கவைத்துவிடும். கார்புரேட்டரை எஞ்சினோடு சேர்க்கும் ரப்பரில் வெடிப்பு இருந்தாலும் இதே அறிகுறிதான். அதனால் முதலில் அந்த இணைப்பைச் சுற்றிக் கெட்டியாகக் கிரீஸ் தடவிப் பாருங்கள். ஐடிலிங் இறங்கினால் காற்று அங்கேதான் புகுகிறது. இறங்காவிட்டால் மேக்னெட் கவரைத் திறந்து, பின்னால் ஈரப்பசை இருக்கிறதா பார்க்க வேண்டும். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர் பாகங்களுக்கு அது ஆகாது. வயதான வண்டியில் சீல் மாற்றும்போது இந்த இணைப்பு ரப்பரையும் பெட்ரோல் குழாயையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

படி 5: எஞ்சின்

பிளக்கைக் கழற்றுங்கள். காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் கலவை சரி. கறுத்து நனைந்திருந்தால் பெட்ரோல் கூடுதல், ஆயில் கூடுதல், அல்லது ஸ்பார்க் பலவீனம். வெளுத்திருந்தால் கலவை மெலிந்திருக்கிறது. அதன் முனையில் வெள்ளிப் பொடி போலப் புள்ளிகள் தெரிந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

ஸ்பார்க் பார்க்கும்போது பிளக்கை கேப்பில் மாட்டி, அதன் உடம்பு ஹெட்டைத் தொடும்படி வைத்துக் கிக் அடியுங்கள். பிளக் துளையிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும். அந்தத் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சி வரும், தீப்பிடிக்கும். பிளக்கே இல்லாமல் கேப்பை அந்தரத்தில் விட்டுக் கிக் அடித்தால் பொறிக்கு மின்சாரம் அனுப்பும் சிடிஐ யூனிட் கெடலாம். நீலமாக, பளிச்சென்று "டிக்" சத்தத்தோடு பொறி வந்தால் போதும்.

பெட்ரோல் வருகிறதா என்று கார்புரேட்டரின் அடிக்கிண்ணத் திருகைத் தளர்த்திப் பாருங்கள். பல மாதம் நின்ற வண்டியில் பெட்ரோல் பிசின் மாதிரி ஆகி ஜெட்டை அடைத்திருக்கும். ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள், காற்றடித்தே சுத்தம்செய்யுங்கள்.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம். கேஜ் இருந்தால் பிளக் துளையில் மாட்டி, இக்னிஷனை அணைத்து, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து வைத்து, முள் மேலே ஏறாமல் நிற்கும்வரை கிக் அடியுங்கள். இந்த ரகச் சின்ன எஞ்சினில் 100 பிஎஸ்ஐக்கு மேல் வந்தால் நிம்மதி. 90-க்குக் கீழே என்றால் ஒரு தேக்கரண்டி டூ-டி ஆயிலைப் பிளக் துளையில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் தேய்ந்தது ரிங் அல்லது போர். இங்கேதான், இவ்வளவும் பார்த்த பிறகுதான், போர் வேலை பற்றி யோசிக்க வேண்டும். ஏறவில்லை என்றால் ஹெட் பேக்கிங்கையும் ஹெட் நட்டுகளின் இறுக்கத்தையும் பாருங்கள்.

கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் வேகம் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறவில்லை என்றால் சைலன்சரைச் சந்தேகியுங்கள். டூ-ஸ்ட்ரோக்கில் எண்ணெய் எரிவதால் சைலன்சருக்குள் இருக்கும், சத்தத்தைக் குறைக்கும் பேஃபிள் குழாயிலும் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வாயிலும் கரி படியும். பின்முனை போல்ட்டைக் கழற்றிப் பேஃபிளை உருவினால் நிலைமை தெரியும். கரியைச் சுரண்டியோ திறந்தவெளியில் சுட்டோ எடுக்கலாம். ஆனால் பேஃபிளை வெளியே எறிந்துவிட்டு ஓட்ட வேண்டாம். அந்தக் குழாயை நம்பித்தான் எஞ்சினின் அளவுகளே வைக்கப்பட்டிருக்கின்றன, தெருவுக்கும் இரைச்சல்.

புதியவர்கள் பயப்படும் ஒரு சத்தம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐடிலிங்கில் டூ-ஸ்ட்ரோக் சீராக அடிக்காது, விட்டு விட்டு "டக்...டக்டக்...டக்" என்றுதான் அடிக்கும். அது கோளாறில்லை. கவனிக்க வேண்டியது வேறு. நியூட்ரலில் ஓடவிட்டு, கிளட்ச் லிவரைப் பிடித்து விடுங்கள். கடகடப்பு மாறினால் அது கிளட்ச் அல்லது கியர் பக்கம். மாறவே இல்லையென்றால் கிராங்க் பக்கம் போக வேண்டும். எஞ்சினை அணைத்து மேக்னெட்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அசைவு தெரிந்தால் கிராங்க் பேரிங் போய்விட்டது. அது வீட்டில் செய்யும் வேலை இல்லை. கிராங்க்கைப் பிரித்து அழுத்திச் சேர்க்கத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள், சீல் இரண்டையும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள்.

போர் வேலை உண்மையிலேயே தேவைப்பட்டுச் செய்திருந்தால், முதல் 500 கிலோமீட்டருக்கு ஆக்சிலேட்டரைப் பாதிக்கு மேல் திருகாதீர்கள், ஒரே வேகத்தில் நெடுநேரம் போகாதீர்கள். அந்த நாட்களில் இடக்கையின் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் லிவர் மேலேயே இருக்கட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது சத்தம் திடீரென்று அடங்கி வண்டியைப் பின்னால் யாரோ பிடித்து இழுப்பது போலத் தோன்றினால், பிஸ்டன் பிடிக்கத் தொடங்கிவிட்டது. அடுத்த நொடியில் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். உடனே கிளட்ச்சைப் பிடித்து, ஆக்சிலேட்டரை விட்டு, வண்டியை ஓரமாக உருளவிடுங்கள். எஞ்சின் முழுதாக ஆறும்வரை கிக் அடிக்காமல் காத்திருங்கள், அரை மணி நேரமாவது.